செழியனுக்கு வந்த கூட்டம்

ஏரிப்புதூரில் யாருக்கு வேலையாள் வேண்டுமென்றாலும் முதலில் போய் நிற்பது கொளஞ்சியம்மாள் வீட்டு வாசலில்தான். நடவோ, களையெடுப்போ, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதோ, முந்தின நாள் சாயங்காலம் அவள் காதில் போட்டுவிட்டால் போதும். மறுநாள் விடிகிறபோது கேட்ட ஆட்கள் தூக்குவாளியும் கையுமாக ரோட்டோரம் நிற்பார்கள். அவளுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே மகள் மலர்விழி பள்ளிக்கூடம் போன பிறகுதான். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கென்று போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், போனது போகட்டும், அடுத்த பேச்சைப் பேசு என்பாள்.

அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு குரல். காலனி முனையில் நின்று கூப்பிட்டால், கடைசி வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருப்பவளும் பதில் சொல்லியாக வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிமிக்கி கொடுத்தவர்கள் உண்டு. அவர்களை அவள் திட்டமாட்டாள். அடுத்த பத்து நாளும் அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அழைப்பு போக, நடுவில் ஒரு வீடு மட்டும் விடுபட்டு நிற்கிற அவமானம் இருக்கிறதே, அதற்கு நாலு வசவு எவ்வளவோ தேவலை.

வெறும் குரலுக்கா இத்தனை பேர் கட்டுப்படுவார்கள்? கழனியில் இறங்கினால் சேறு அதிகமான மூலை எதுவோ அது கொளஞ்சியின் மூலை. வயிற்றுப் பிள்ளைக்காரியைக் குனியவிடாமல் வரப்போரமாக நாற்று முடி எடுத்துக் கொடுக்கச் சொல்வாள். நிலத்துக்காரர் அதற்கு முகம் சுளித்தால், அந்த ஆளின் பங்கையும் சேர்த்துத் தானே நட்டு முடிப்பாள். பெண்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்படி ஒருத்தி ஊரில் இருந்தால் கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? எந்தக் கட்சி மாநாடு என்றாலும் வேன் கொளஞ்சி வாசலுக்கு வந்துவிடும். அவளும் கொடியின் நிறம் பார்த்ததில்லை. மழையில்லாத சித்திரையில் அதுவும் ஒரு வேலைதான். போய் உட்கார்ந்து, தலைவர் பேரைச் சொன்னால் வாழ்க போட்டு, பொட்டலச் சோறு தின்றுவிட்டுத் திரும்புகிற வேலை. மண்டை பிளக்கிற வெயிலில் குனிந்து கிடப்பதைவிட அது கேவலமில்லை என்பது அவள் கட்சி. கேவலம் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் களை பறித்துப் பார்க்கட்டும்.

நடவு வரிசையில் கொளஞ்சிக்கு வலப்பக்கம் எப்போதும் சின்னப்பொண்ணுதான் நிற்பாள். கொளஞ்சியைவிட நாலைந்து வயது மூத்தவள், அதிகம் பேசாதவள். அவளுக்கு ஒரே பிள்ளை, செழியன். ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடி ஓடியே உடம்பைத் தயார் செய்து பட்டாளத்துக்குத் தேர்வானவன். லீவில் வந்தால் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவளோடு நாற்றுக்கட்டுத் தூக்கிக்கொண்டு கழனியில் இறங்குவான். ஒரு புரட்டாசி மாதம், வடக்கே எல்லையில் பனிமலைக் காவலில் நடந்த சண்டையில் இறந்து போனான்.

கள்ளக்குறிச்சி ரோடு பிரிகிற கூட்டுரோட்டில் ஊர் இளைஞர்கள் அவனுக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். கருங்கல்லில் அவன் முகம், மேலே தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, அதன்மேல் ஓர் இரும்புத் தொப்பி. ஒவ்வொரு வருஷமும் அஞ்சலி நடத்தக் கமிட்டி போட்டு, உரக்கடை தமிழ்வேந்தனைத் தலைவராக்கினார்கள். நல்ல மனிதர்தான், கைக்காசு போட்டு ஓடியாடுகிறவர். ஆனால் நாற்காலி நிறையாவிட்டால் அவருக்கு எந்த விழாவும் விழாவாகத் தெரியாது.

முதல் வருஷ அஞ்சலிக்குக் கூட்டம் சேர்க்கச் சொல்லி அவர் கொளஞ்சியிடம் வந்தார். அவளும் யோசிக்கவில்லை. மாநாட்டுக்குச் சேர்ப்பது போலவே கூலி பேசி, வேனில் ஏற்றி, அக்கம்பக்கத்து ஊர் ஆட்களையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

வந்தவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த விருந்தினர் குரல் தழுதழுக்கச் செழியன் பெயரைச் சொன்னாரோ இல்லையோ, கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் வாழ்க போட்டது. செத்துப் போன பிள்ளைக்கு வாழ்க. விருந்தினர் முகத்தில் ஈயாடவில்லை. அத்தோடு விட்டதா? இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்து மைக்கை அணைத்தார்கள். மைக் அணைந்தால் கூட்டம் முடிந்தது என்றுதானே அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வேனைப் பார்க்க நடந்துவிட்டார்கள். மேடையில் தலைகுனிந்து நின்ற பெரியவர்கள் நிமிர்ந்தபோது எதிரே இருந்தது நாற்காலிகள் மட்டும்தான்.

சின்னப்பொண்ணு அந்த மேடையில், பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கழனியில் நட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏன் கொளஞ்சி, எம் புள்ளைக்கும் ஆளு புடிச்சிக்கினு வந்தியா?"

கொளஞ்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். சின்னப்பொண்ணும் எத்தனையோ கூட்டத்துக்கு அவளோடு வேனில் போய் வந்தவள்தான். கூலிக்கு வந்த முகம் எது, மனசோடு வந்த முகம் எது என்று அவளுக்கா தெரியாது? தன் பிள்ளை பெயரைச் சொல்லும்போது பொட்டலம் எப்போது வரும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்த முகங்களை அவள் மேடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து கொளஞ்சிக்கு ஒரே ஆசை. அந்தப் பிள்ளைக்கென்று ஒரு நாளாவது கூட்டம் தானாக வரவேண்டும். அதை அவன் அம்மா பார்க்க வேண்டும். ஆனால் இதில் ஒரு சங்கடம் இருந்தது. கூட்டம் சேர்க்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கூப்பிடுவது. கூப்பிட்டால் அது தானாக வந்த கூட்டமாகாது.

அடுத்த புரட்டாசியில் கமிட்டிக்காரர்களிடம் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். கமிட்டியின் பத்து மணி விழா பள்ளிப் பிள்ளைகளையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்து நடந்தது. கொளஞ்சி மட்டும் அன்று விடியற்காலையில் வேலைக்குப் போகிற வழியில் கூட்டுரோட்டில் நின்றாள். தூக்குவாளியைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றி, தூணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். கூட வந்த பெண்களும் நின்றார்கள். சின்னப்பொண்ணு முந்தானையால் கல்லில் இருந்த மகன் முகத்தைத் துடைத்தாள். பிறகு எல்லோரும் கழனிக்குப் போனார்கள்.

வருஷா வருஷம் அது நடந்தது. யாரையும் வா என்று கூப்பிடுவதில்லை என்பதில் கொளஞ்சி வைராக்கியமாக இருந்தாள். ஊரையே கூப்பிடுகிற வாய்க்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஆட்கள் நின்றார்கள். சின்னசேலம் சந்தைக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள் முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்கு இறங்கி வந்த ஒரு குடும்பம் என்ன ஏதென்று விசாரித்துவிட்டு, மறு வருஷம் காட்டுப் பூ பறித்துக்கொண்டு வந்தது. பேச்சு கிடையாது, மைக் கிடையாது. அவரவர் வேலைக்கு நேரமானதும் கலைந்துவிடுவார்கள்.

பத்தாம் வருஷம் வந்தது. செழியனின் படைப்பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். தமிழ்வேந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பந்தல், நாற்காலி எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டுக் கொளஞ்சியிடம் வந்தார். கூலியும் சாப்பாடும் கமிட்டி பொறுப்பு, ஆள் மட்டும் நீ சேர்த்துக் கொடு என்றார். அவள் முடியாது என்றாள். அப்படியானால் களமருதூர்ப் பக்கம் தெரிந்த ஆள் இருக்கிறார், இரண்டு லாரி நிறைய இறக்கிவிடுவார் என்றார் அவர்.

கொளஞ்சி அவசரமாகக் கையை ஆட்டி மறித்தாள்.

"வெளியூரு ஆளு வாணாங்க. நாற்காலி காலியா கெடந்தா கெடக்கட்டும். ஊரு பேசுற பேச்சு எம் மேல வுழட்டும்."

"ஒம் மேல வுழுந்தா பரவால்ல கொளஞ்சியம்மா. அந்த அம்மா மேடையில ஒக்காந்துகினு காலி நாற்காலிய பாக்கணுமா? யோசன பண்ணிக்கோ."

அவர் வேண்டுமென்றே சுடுசொல் சொல்கிறவரில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் அது சுட்டது. ஆனாலும் அவள் பிடிவாதத்தைப் பார்த்து லாரியை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அதே நாளில் சின்னராசு கழனியில் நடவு. பெரிய நிலத்துக்காரர், அவருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று. நாற்று பறித்து முடி கட்டியாயிற்று, வாடவிட முடியாது. கொளஞ்சி அவரிடம் போய், காலையில் சீக்கிரம் இறங்கிவிடுகிறோம், பத்து மணிவாக்கில் ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள் என்று கேட்டாள். வானத்தைப் பார்த்தார், வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார், முணுமுணுத்தார், கடைசியில் சரி என்றார். நடவுப் பெண்களிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: பத்து மணிக்கு நான் கரையேறுவேன், உங்களைக் கூப்பிடவில்லை, அந்த நேரத்துக்குக் கூலியும் கிடையாது.

அன்று விடியற்காலையில் வழக்கம்போலக் கூட்டுரோட்டுக்குப் போனால், தூணைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பூ அலங்காரம் கலைந்துவிடும், அதிகாரி வந்து மாலை போடும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது என்று கமிட்டிப் பையன்கள் நின்றார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், மூட்டைக்காரர்கள், மலையிலிருந்து வந்தவர்கள் என்று வந்த எல்லோரிடமும் பத்து மணிக்கு வாங்க என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கொளஞ்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்து மணிக்கு எந்தக் கூலிக்காரன் வெட்டுகிற கத்தியை வைத்துவிட்டுத் திரும்ப வருவான்? இருந்த கூட்டமும் போயிற்று என்று மனம் விட்டுப் போனது. லாரியை வேண்டாமென்று சொன்ன தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு கழனியில் இறங்கினாள். அன்று அவள் நட்ட வரிசை ஒன்றுகூட நேராக இல்லை.

நேரம் வந்ததும் கரையேறினாள். பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், நடவுப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். முழங்கால்வரை சேறு. கழுவ நேரமில்லை. பெருமூச்சு விட்டாள். இத்தனை பேராவது வந்தார்களே, சின்னப்பொண்ணுக்கு நாலு தெரிந்த முகமாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டுரோட்டுத் திருப்பத்தில் அவளுக்குக் கால் நின்றுவிட்டது.

நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் பந்தலுக்கு வெளியே மூன்று பக்கமும், ரோட்டின் இரு ஓரமும், பஸ் நிற்கிற இடம்வரை ஆட்கள் நின்றிருந்தார்கள். உடம்பெல்லாம் கரும்புச் சோகை கீறிய கோடுகளோடு வெட்டுகிறவர்கள். தலையில் சும்மாடு அவிழ்க்காத மூட்டைக்காரர்கள். செங்கல் சூளைக்காரர்கள் செம்மண் அப்பிய கையோடு நின்றார்கள். மலைக்காரர்கள் குடும்பத்தோடு நின்றார்கள். தமிழ்வேந்தன் மைக்கில் எல்லோரும் நாற்காலியில் வந்து உட்காருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். துணி அழுக்கு, நாற்காலி வெள்ளை, ஒருவரும் அசையவில்லை. கொளஞ்சியும் பெண்களும் போய் அவர்களோடு நின்றார்கள்.

அதிகாரி மாலை வைத்தார். செழியன் பெயரைச் சொன்னார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மௌன அஞ்சலி என்றார்கள். மைக் அணைந்தது. அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். இத்தனை வருஷமாக மைக்கே இல்லாமல் நின்று பழகியவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மௌனம் முடிந்ததும் சின்னப்பொண்ணு பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். நேராகக் கொளஞ்சியிடம் வந்தாள். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"இவுங்களல்லாம் எப்ப போய் கூப்ட்ட?"

"நா கூப்புடலக்கா."

"பொய் சொல்லாத."

கொளஞ்சி தூணைக் காட்டினாள். "இந்தா நிக்கிறானே, இவன் மேல சத்தியமா. ஒருத்தரயும் கூப்புடல."

சின்னப்பொண்ணு மறுபடி ஒருமுறை அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொளஞ்சியின் சேற்றுக் கையை எடுத்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மகன் செத்த பிறகு ஊர் பார்க்க ஒரு நாளும் அழாதவள், அத்தனை பேர் நடுவில் அழுதாள்.

"அப்ப எம் புள்ளைக்கோசரம்தான் வந்துக்கிறாங்க."