ஒன்றாகத் தெரிந்தவன்

இது கட்டுக்கதை இல்லை. லெனாட் தன் வாயால் மனைவி றஜனியிடம் சொன்னது பாதி. சுழியோடி லோஜன் கண்ணால் கண்டது மீதி. லோஜன் இன்னும் குருநகரில்தான் இருக்கிறான், ஆனால் கடலுக்குப் போவதில்லை.

லெனாட் சொந்தமாகப் படகு வைத்திருந்த சம்மாட்டி. போன ஒக்ரோபர் 14, யாகோப்பு என்ற சுழியோடியைக் கூட்டிக்கொண்டு அனுமதிப் பாஸ் இல்லாமல் கடலட்டை பிடிக்கப் போனார். அன்று காலை சவரம் செய்தபோது யாகோப்பின் நாடியில் வெட்டுப்பட்டு, அவன் மனைவி இராசாத்திதான் பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள். 9.40க்கு நேவிப் படகின் சத்தம் கேட்டது. அதேநேரம் யாகோப்பின் தலை நீருக்கு மேலே வந்தது. கையைத் தூக்கினான். லெனாட் அதைக் கண்டார். கண்டும் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

பிறகு இராசாத்தியிடம் போய் அழுதார். பாவி, சத்தியமும் செய்தார்.

“என்ரை ரெண்டு கண்ணாணை, அவன் மேலை வந்ததை நான் காணேல்லை!”

உடல் கிடைக்கவில்லை. இராசாத்தி சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவே வெறும் சிலுவை ஒன்றை நட்டுவிட்டு, அதற்குத்தான் மெழுகுதிரி கொளுத்தினாள்.

ஜனவரி 9. லெனாட் எழும்பினார். இரண்டு யன்னல், சுவரில் இரண்டு அந்தோனியார் படம், இரண்டு றஜனி. ஒரு றஜனியிடமே வாங்கிக் கட்டியவருக்கு இது பெரிய சோதனைதான். கண் கிளினிக்குக்குப் போனார்.

“ஒரு கண்ணைப் பொத்துங்கோ. இப்ப?” என்று டொக்டர் அம்மா கேட்டார்.

“ஒண்டு.”

“மற்றதைப் பொத்துங்கோ.”

“அதுவும் ஒண்டுதான்.”

“அப்ப கண்ணிலை பழுதில்லை ஐயா. உங்கடை சீனி வருத்தத்தாலை கண்ணை அசைக்கிற நரம்பு சோர்ந்துபோச்சு. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாக்குது. ஸ்கானிலையும் பயப்பிட ஒண்டுமில்லை. சீனியைக் கட்டுப்படுத்தினா மூண்டு மாசத்திலை மாறும். அதுவரைக்கும் ஒரு கண்ணை மறைச்சுக் கட்டுங்கோ.”

கறுப்பு மறைப்பு ஒன்றும் கொடுத்தார்.

ஒரு கிழமை கழித்து, மறைப்பைக் கழற்றிவிட்டு லெனாட் கரையில் நின்றார். எல்லாப் படகுகளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எல்லா மனிதரும் இரண்டிரண்டாக... ஆனால் இறங்குதுறையின் நுனியில் ஒருவன் நின்றான். அவன் மட்டும் ஒன்றாகத் தெரிந்தான். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போல லெனாட்டுக்குச் சந்தோசம். கண் மாறத் தொடங்கிவிட்டதென்று நினைத்தார். நேரம் பார்த்தார். 9.40.

அடுத்த கிளினிக்கில் அதைச் சொன்னார். டொக்டர் சிரித்தார்.

“அப்பிடி வராது ஐயா. ரெண்டு கண்ணாலையும் பாத்தா, பக்கத்திலை பக்கத்திலை நிக்கிற எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒராள் மட்டும் தப்பேலாது.”

“கண்ணாலை பாக்காட்டி?”

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

வெளியே நீள வாங்கில் நோயாளர்கள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒருவன், ஒன்றாக. அவன் காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்...

லெனாட் வலது கண்ணைப் பொத்தினார். இருந்தான்.

இடது கண்ணைப் பொத்தினார். இருந்தான்.

இரண்டையும் பொத்தினார்...

இருந்தான். இன்னும் கிட்ட. நாடியில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டர்.

ஏப்ரல் நடுவில் டொக்டர் சொன்னபடி கண் மாறியது. அன்று மாலை லெனாட் எல்லாவற்றையும் றஜனியிடம் கொட்டினார்.

“இப்ப எல்லாம் ஒண்டாத் தெரியுது றஜனி. இனி அவனை மற்ற ஆக்களிலை இருந்து எப்பிடியப்பா மட்டுக்கட்டுறது?”

“இராசாத்தியிட்டைப் போய் உண்மையைச் சொல்லுங்கோ.”

“செத்தாலும் சொல்லமாட்டன். எலும்பையாவது தேடி எடுத்துக் குடுக்கிறன். விட்டிடுவான்.”

அடுத்த நாள் காலை லோஜனோடு போனார். அதே இடம். லோஜன் அடியில் தேடிவிட்டு மேலே வந்தபோது படகு அறுபது அடி தள்ளி நின்றது. லெனாட் குனிந்து, யாரையோ கைபிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“ஏறு லோஜன்... ஏறு... ஏன்ரா கை இப்பிடிக் குளிருது?”

“அண்ணை! நான் இஞ்சை நிக்கிறன்!”

லெனாட் திரும்பிப் பார்த்தார். பிறகு படகில் ஏறியவனைப் பார்த்தார்.

ஒரு கண்ணைப் பொத்தினார்.

மற்றதைப் பொத்தினார்.

இரண்டையும்...

அலறல்.

தொப்... தொப்...

லோஜன் நீந்திப்போய் ஏறினான். படகில் யாரும் இல்லை. கைக்கடிகாரத்தில் 9.40.

மறுநாள் மண்டைதீவுக் கரையில் இரண்டு உடல்கள் ஒதுங்கின. ஒன்று ஆறு மாதம் கடலில் கிடந்த உடல் என்று சோதித்த டொக்டர் எழுதினார். முகமே இல்லை, கண்குழி இரண்டும் வெறுமை. விரலில் கிடந்த கலியாண மோதிரத்தை வைத்துத்தான் றஜனி அது லெனாட் என்று சொன்னாள்.

மற்றது முந்தின நாள்தான் இறந்த உடல் என்றும் அதே டொக்டர்தான் எழுதினார். அதை அடையாளம் காட்ட இராசாத்தியைக் கூட்டிவந்தார்கள். அவள் முகத்தைத் தடவினாள். நாடியில் அவள் ஒட்டிவிட்ட பிளாஸ்டர் அப்படியே இருந்தது. மெல்ல உரித்தாள்.

உள்ளே வெட்டு இன்னும் காயவில்லை.