யோகா வகுப்பு முடியும்வரை

சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் எங்கள் வீடு ஒரே அறை. அப்பாவின் கட்டிலைச் சுவரோரம் சாய்த்து வைத்து காலை யோகாவுக்கு இடம் உண்டாக்கினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஆன்லைன் வகுப்பில் என் நாவலூர் அலுவலகத் தோழிகளும் இருந்ததால், கேமராவுக்குக் குறுக்கே யாரும் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

இரவுப்பணி முடிந்து ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கும் அப்பா, அன்று ஏழரையாகியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. தொழிற்சாலையில் ஏதாவது ஆகியிருக்குமோ? வகுப்பைப் பாதியில் விட்டுக் கதவைத் திறந்தேன். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி வாசற்படியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, கதவத் தட்டக் கூடாதா?"

"நீதான் குறுக்க வராதன்னியேமா. கிளாஸ் முட்ஞ்சிதா? படுக்கலாமா?"

குரலில் கோபமே இல்லை. படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பியதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.