பத்துக்கு எட்டு

அம்மா மாவட்ட அரசாங்க அதிபராக இருந்து ஓய்வுபெற்ற அன்று கழுத்தில் பதினேழு மாலை விழுந்தது. அத்தனையையும் கதிரையில் போட்டுவிட்டு, "அப்பாடா, களைச்சுப் போனன்" என்றார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் களைப்பில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

முன்பு அவர் விசுவமடுவில் கணித ரீச்சர். இரண்டரை மணிக்கு வீட்டில் நிற்பார். விடைத்தாள் திருத்தும்போது மொத்தப் புள்ளியைக் கூட்டிச் சொல்வது நான். பிறகு ஏதோ பரீட்சை எழுதிப் பிரதேச செயலாளராகிவிட்டார். ஊரே சந்தோசத்தில் புழுகித் திரிந்தது. எனக்கோ எரிச்சல் எரிச்சலாக வந்தது. செயலாளர் அம்மா இருட்டினபிறகு வந்து, கோப்பைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் கடிதக் கட்டொன்று கிடந்தது. சண்டை முடிந்தபிறகு அரசாங்கம் தந்த வீட்டுத்திட்டத்தில் பெயர் விடுபட்டவர்கள் எழுதிய முறையீடுகள். கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனையை எடுத்துப் பதினொரு கடிதத்தையும் திருத்திப் பத்துக்குப் புள்ளி போட்டேன். கிறுக்கல் எழுத்துக்கு மூன்று, அழகான எழுத்துக்கு எட்டு.

அம்மா கண்டதும் அடிக்கவில்லை. கடிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

"விடியக் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரிட்டை அனுப்பவேணும். வெளிக்கிடு, நீயும் வா."

ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனோம். அம்மா ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேட்டார். "அதுக்கென்ன ரீச்சர், இருங்கோ" என்று சொல்லித் திரும்ப எழுதித் தந்தார்கள். ஒருவர்கூட அவரைச் செயலாளர் என்று கூப்பிடவில்லை.

கடைசியாகப் போனது தறப்பாள் கூரை போட்ட ஒரு கொட்டிலுக்கு. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பெண். கணவரும் இரண்டு மகன்மாரும் சண்டையில் போய்விட்டார்கள். பழைய கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டா! பாப்பா போட்டதா?"

தலையாட்டினேன்.

"டீச்சர் நாலுதான் போட்டாங்க. மக எட்டு போட்டிருக்கு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அம்மாவை வென்றுவிட்ட புழுகம் எனக்கு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் ஹெல்மெற்றைக் கழற்றாமல் குசினி அடுப்படியில் இருந்தார். பசியாக்கும் என்று நினைத்துப் பாண் வெட்டிக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

குடும்பத்தில் ஆட்கள் கூடினால்தான் வீட்டுத்திட்டத்தில் புள்ளி கூடும், எல்லாரையும் இழந்தவருக்குத்தான் ஆகக் குறைவு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாலை விழுந்த அன்றுதான் கேட்டேன்.

"நான் எட்டுப் போட்டனே, அவாக்குப் பிறகு வீடு கிடைச்சதோ, அம்மா?"

அம்மா தரையில் உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லைப் பிள்ளை. அந்தக் கொட்டிலுக்கைதான் செத்தவா. தனி ஆளுக்கு நாலுதான் எண்டு சட்டம். கீழை கையெழுத்து வைச்சது நான்."

பூவை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று படுக்கப் போனார்.