தங்கையின் தோளில் என் புடவைகள்

எனக்குத் துணி எடுக்க வேண்டுமென்றால் அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு போவார். நானும் போவேன், பை தூக்க. தாம்பரம் மார்க்கெட் கடையில் துணியை உதறித் தங்கையின் தோளில் போட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "நல்லா எடுப்பா இருக்கு" என்பார். வீட்டுக்கு வந்ததும் அதை நான் உடுத்திக்கொள்வேன். தங்கை எலுமிச்சம்பழ நிறம். நான் அப்பாவைப் போலக் கருப்பு. மாநிறம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத கருப்பு. ஏன் இப்படி என்று கேட்டால், "அவ மேல வெச்சாதான்டி கலர் தெரியுது" என்பார் அம்மா.

கருப்பாக இருப்பவர்கள் வெளிர் நிறம் உடுத்தினால் பளிச்சென்று இருப்பார்கள் என்பது அம்மாவின் சட்டம். அதனால் எனக்குச் சந்தனம், பிஸ்கட், வெளிர் மஞ்சள், மறுபடியும் சந்தனம். பளிச்சென்று இருந்தது உண்மைதான், துணி. சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த குடும்பப் போட்டோவில் பெரியவள் எங்கே என்று யாராவது கேட்டால், அப்பா ஒரு சந்தனத் தாவணியைத் தொட்டுக் காட்டுவார்.

வேலைக்குப் போக ஆரம்பித்த வருடம், ஒரு மழையில் தொப்பலாக நனைந்து பீர்க்கன்கரணையில் தோழி வீட்டில் ஒதுங்கினேன். மாற்றிக்கொள்ள அவள் ஒரு அடர்ந்த ஊதாப் புடவை கொடுத்தாள். கட்டிக்கொண்டு பீரோ கண்ணாடியைப் பார்த்தேன். அதிலிருந்தவளுக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது, முகம் என்று ஒன்று இருந்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏன்டி, உடம்பு சரியில்லையா? என்னமோ மாதிரி இருக்க" என்றார்.

அதற்கடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது வழக்கம். இரண்டு வீட்டுக்காரர்களும் மின்சார ரயிலில் ஒரு பெட்டியை நிறைத்துக்கொண்டு மாம்பலம் போனோம். பழக்க தோஷத்தில் அம்மா தங்கையையும் இழுத்து வந்திருந்தார்.

"கல்யாணப் பொண்ணா? வாங்கம்மா, இப்படி நடுவுல உக்காருங்க" என்று பட்டுக் கடைக்காரர் தங்கையைத்தான் கூப்பிட்டார். ஒருவரும் திருத்தவில்லை. அவள் தோளில் புடவைகள் ஏறி இறங்கின. கடைசியில் சந்தன நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட ஒன்று வந்ததும், "லட்சணமா இருக்கு" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். தங்கைக்கு லட்சணமாகத்தான் இருந்தது.

குவியலின் அடியில் அதே அடர்ந்த ஊதா எட்டிப் பார்த்தது. வெள்ளி ஜரிகை. "அதைக் கொஞ்சம் எடுங்க" என்றேன்.

"இன்னாடி இது, கத்திரிக்கா கலரைப் போய்க் கேக்கற?" என்றார் அப்பாவின் அக்கா, என் அத்தை. "வீடியோவுல புடவை எது நீ எதுன்னு லைட் அடிச்சுத் தேடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணவறையில் உட்காரும் அந்த ஒரு நாளாவது என் முகம் எனக்கு வேண்டும். எழுந்து போய், தங்கை தோளிலிருந்த சந்தனத்தை உருவிப் போட்டேன்.

"கட்டிக்கப் போறது நானா, இவளா?"

"அப்பாடா!" என்று தங்கை தோளைத் தேய்த்துக்கொண்டாள். நான் ஊதாவை என் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பீர்க்கன்கரணையில் பார்த்தவள் திரும்ப வந்திருந்தாள்.

அப்போதுதான் மாமியாராகப் போகிறவரின் நினைவு வந்தது. பணம் கொடுக்கப் போகிறவர் அவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் விரித்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஒரு பங்கு கூடுதல் கருப்பு. பெண் பார்க்க வந்த அன்று பிஸ்கட் நிறப் பட்டு கட்டியிருந்தார், இன்றும் பிஸ்கட்தான். அம்மா என் பின்னால் வந்து இடுப்பைக் கிள்ளி, "சம்பந்தி முன்னாடி மானத்தை வாங்காதடி" என்று பல்லைக் கடித்தார். கல்யாணம் நின்றுபோனால் இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது என்று நினைத்துக்கொண்டே துணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாமியார் எழுந்து வந்தார். என் பக்கத்தில் நின்று முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தரையில் கிடந்த மறுமுனையை எடுத்து, சுருக்கம் நீவி, தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒரே புடவைக்குள் இரண்டு பேரும் நின்றோம்.

"இதைப் பொண்ணுக்கு பில் போடுப்பா" என்றார் மாமியார். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, கடைக்காரருக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

"இதே கலர்ல, சின்ன பார்டரா, இன்னொண்ணு இருக்குமா தம்பி?"