தொப்பிக்குள் ஒரு குடுமி

சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தை ஆந்திராவோடு சேர்த்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். நான் ராணுவத்தில் லாரி டிரைவர். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே அமைதி காக்கப் போன இந்தியப் படையோடு எனக்கும் நீலத் தொப்பி மாட்டி அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

முகாம் என்றால் வரிசையாகக் கூடாரங்கள், சுற்றிலும் செம்மண். காலையில் ரேஷன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு காவல் இடமாகப் போய் இறக்கிவிட்டு வருவேன். சாயங்காலம் வாலிபால் ஆடுவோம். தபால் விமானம் வருகிற நாள்தான் எங்களுக்குத் தீபாவளி.

அப்படி ஒரு நாள் நைனாவின் கடிதம் வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் நல்லபடியாகத் திரும்பினால் என் தலைமுடியை ஏழுமலையானுக்குத் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டாளாம். அதுவரை தலையில் கத்தி படக்கூடாதாம்.

பட்டாளத்தில் முடி வெட்டாமல் இருக்க முடியுமா? கொஞ்ச நாள் தொப்பியை இழுத்துவிட்டுச் சமாளித்தேன். கடைசியில் ஹவில்தார் பிடித்து, கேப்டன் முன்னால் நிறுத்திவிட்டார்.

கேப்டன் ஒரு சர்தார்ஜி. மகா கண்டிப்பு. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அம்மாவின் வேண்டுதலைச் சொன்னேன். மூட்டை தூக்கி மைதானத்தைச் சுற்றவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ தன் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு கடகடவென்று சிரித்தார். “அம்மாவுக்குப் பயந்து முடி வளர்க்கிறவன் இந்த முகாமில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்தேன்” என்றார். பார்பரைக் கூப்பிட்டு, சுற்றிலும் ஒட்ட வெட்டிவிட்டு உச்சியில் மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். தொப்பிக்குள் இருப்பதை நான் பார்க்கமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து முகாம் முழுக்க எனக்குப் ‘பண்டிட்ஜி’ என்றே பெயர்.

அந்த வருடக் கடைசியில் நாங்கள் இருந்த ஊரிலேயே சண்டை வெடித்தது. ஒரு நாள் நான் ஓட்டிப் போன லாரியின் கண்ணாடி நொறுங்கி, பின்னால் அரிசி மூட்டைகள் கிழிந்து ரோடெல்லாம் அரிசி கொட்டியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் விமானம் வராததால் கடிதம் வரவும் வழியில்லை, போடவும் வழியில்லை. ஓட்டும்போது பயப்பட நேரமிருக்காது. படுத்தால்தான் வீட்டு ஞாபகம் வரும்.

ஒருவழியாகச் சண்டை ஓய்ந்து, ஊர் திரும்ப எங்கள் முறையும் வந்து, பம்பாயில் கப்பலைவிட்டு இறங்கினேன். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்தே மலைக்குப் போகலாம் என்று வீட்டுக்குத் தந்தி அடித்தேன்.

காலை நேரம். பிளாட்பாரத்தில் ஒரே கூட்டம். அம்மாவின் பெரிய கொண்டையையும் என் மனைவியின் நீளப் பின்னலையும் தேடிக்கொண்டே டிரங்குப் பெட்டியோடு நடந்தேன். வழியை மறித்துக்கொண்டு மொட்டைத் தலைகளாக மூன்று பேர் நின்றார்கள். மலைக்குப் போய் வந்த யாரோ என்று நினைத்து, “கொஞ்சம் ஜரகண்டி” என்று ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன்.

“அடப்பாவி! பெத்த தாயாண்ட வந்து ஜரகண்டின்றியே!”

அம்மாவின் குரல்! திரும்பிப் பார்த்தால் அம்மா, நைனா, என் மனைவி. மூன்று பேரும் மொட்டை. பெட்டி கைநழுவிக் கீழே விழுந்தது.

சண்டைச் செய்தியை ரேடியோவில் கேட்டதும் என் முடி போதாது என்று அம்மா தன் முடியையும் நேர்ந்துகொண்டிருக்கிறாள். நைனா வயல் வரப்பில் நின்று தனியாக வேண்டிக்கொண்டாராம். மூவருமே ஒருவரிடம் ஒருவர் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் பம்பாய் வந்துவிட்டேன் என்ற தந்தி கிடைத்ததும், வேண்டுதல் பலித்தது என்று முதல் நாளே மலை ஏறியிருக்கிறார்கள். முடி எடுக்கிற இடத்தில்தான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. அம்மா உட்கார, நைனா பக்கத்தில் உட்கார, திரும்பிப் பார்த்தால் மருமகள் பின்னலை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறாள்!

என் மனைவி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லக் கேட்டாள். “பாக்கவே நல்லா இல்ல இல்ல?”

“நீ ஏன் வூட்ல சொல்லல?”

“அத்தைக்கு நான்தான் தைரியம் சொல்லிக்கினு இருந்தேன். நானே பயந்துக்கினு இருக்கேன்னு எப்படிச் சொல்றது?”

தொப்பியைக் கழற்றினேன். குடுமியைப் பார்த்ததும் முதலில் அவள்தான் சிரித்தாள். அப்புறம் நான்கு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். டீ விற்றவர்கூட நின்று பார்த்தார்.

அன்றைக்கே மலைக்குப் போய் நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். “நம்ம ஊரு ஆந்திரா ஆனதிலர்ந்து இவரு நம்ம ஸ்டேட்டு சாமி. நம்ம பேச்ச தட்டுவாரா?” என்று நைனா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தலையில் சந்தனத்தோடு நான்கு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு எல்லையில் எத்தனையோ முகாம்களில் இருந்துவிட்டேன். ஆனால் எந்த இடத்திலும் நான் தனியாக இருக்கிறேன் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதே இல்லை.