பாஷா பாயின் ரத்தமும் ஆட்டுக்கால் பாயாவும்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகும் பஸ்ஸை நூர் பாஷா ஓட்டினார், நான் கண்டக்டர். மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மலை வளைவில்கூட மடியில் வைத்த மீன் குழம்பு சிந்தாது. சர்க்கரை வியாதி வந்து சில வருஷமாகியும் தின்பதில் மட்டும் யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ரம்ஜான் மாதம். இண்டூரில் கைகாட்டி நின்ற மோர்க்காரி தீர்த்தம்மாளைப் பார்க்காமலேயே தாண்டிவிட்டார். அவள் போட்ட சாபம் இருக்கிறதே, அப்பப்பா! ஆனால் பாஷாவுக்கு அவள் கண்ணிலேயே படவில்லை என்று எனக்குப் புரிந்தது. அன்றே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள நூலாட்டம் இருக்கற ரத்தக் குழாய்ங்க கசியுது. மஞ்சளா கொழுப்புப் புள்ளி நிக்குது. ரத்தத்துல எவ்ளோ கொழுப்புன்னு பாக்கணும். நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வாங்க."

"நோன்பு மாசங்க. எச்சிகூட முழுங்க மாட்டேன்" என்றார் பாஷா, பெருமையாக.

மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள். குழாயில் சிவப்பு அடியில் தங்கியது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீரோ பால் போல வெளுத்திருந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது.

"இவ்ளோ கொழுப்பு இருந்தா கண்ணு தாங்காது. இனிமே பஸ் ஓட்டாதீங்க."

பாஷா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வண்டிய வுட்டா நான் யாரு, மாதப்பா?" என்றார் என்னைப் பார்த்து. துக்கம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"பச்சத் தண்ணி குடிக்காத மனுசனுக்கு எங்கிருந்துங்க கொழுப்பு வரும்?" என்று டாக்டரிடமே எகிறினேன்.

கூட வந்திருந்த பாஷாவின் மனைவி ஷரீபுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆமாங்க. விடியறதுக்கு முன்னால ஆட்டுக்கால் பாயாவும் நெய்ச்சோறும் ரெண்டு தட்டு சாப்ட்டதுதான். அதுக்கப்புறம் ஒண்ணுமே தொடலீங்க."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! குழாய்ல நிக்கறது அந்தப் பாயாதானய்யா! பன்னெண்டு மணி நேரம் பட்டினி கெடந்துட்டு வரணும்."

"அதான் தினமும் கெடக்கறேனே, சாயங்காலம் வரைக்கும்!" என்றார் பாஷா.

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப நோன்பு தொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால வாங்க."

மறுநாள் சாயங்காலம் எடுத்த ரத்தத்தில் நீர் தெளிவாக நின்றது. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டதும் டாக்டரே ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். கணக்குப் பார்த்ததில் கொழுப்பு கொஞ்சம்தான் கூடுதல். நெய்யை விட்டு, சர்க்கரையையும் அடக்கினால் கண்ணைக் காப்பாற்றலாம், கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்றார்.

ரம்ஜான் முடிந்தது. புதுக் கண்ணாடியோடு பாஷா வண்டியை எடுத்தார். இண்டூரில் தீர்த்தம்மாள் கையைத் தூக்கும் முன்பே பஸ் நின்றது.

"ஆயா, உன் மோர்ப் பானைமேல ஈ உக்காந்திருக்குது பாரு!" என்றார், ஸ்டியரிங்கிலிருந்தே.

அவள் திட்டிக்கொண்டே ஏறினாள். நான் விசில் ஊதாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.