செலரானுக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

எங்கள் ஐந்து பேரில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் லஸ் முனை டீக்கடைக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். ப்ராசஸர் என்றால் பென்டியமா, விலை குறைந்த செலரானா, இன்டர்நெட் பார்க்கும் பிரௌசர் என்றால் நேவிகேட்டரா எக்ஸ்ப்ளோரரா என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருப்போம். தொண்ணூறுகளின் கடைசி அது. என் பேச்சுக்கு அங்கே மரியாதை ஜாஸ்தி. பெரிய அறிவாளி என்பதால் இல்லை. நான் வேலை பார்த்த தி.நகர் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வரும். மற்றவர்களுக்கு முன்னால் அதைப் படித்துவிடுவேன், அவ்வளவுதான்.

எங்களில் நிஜமாகவே ஸ்க்ரூடிரைவர் பிடித்தவன் ராயப்பேட்டைக்காரன் ஒருத்தன்தான். ரிச்சி தெருவில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தான். முதலாளி வாயைத் திறந்தாலே வசவு. எப்படியாவது தனியாகத் தொழில் ஆரம்பித்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான் பாவம். அதற்கு ஒரு வழியும் வந்தது. டீக்கடைக்கு எதிர் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய மேடம், பழைய மெஷின்களை எடுத்துவிட்டு எட்டு கம்ப்யூட்டர் போட நினைத்தார். இவன் செலரான் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தான். மேடத்துக்கு முக்கால் மனசு வந்துவிட்டது. மீதிக்கு என்னைக் கேட்க வேண்டுமாம். அவரிடம் டைப்ரைட்டிங் படித்து லோயரும் ஹயரும் பாஸ் பண்ணினவன் நான்.

“மச்சி, இது கிடைச்சா அந்த வேலைய விட்டுருவேன்டா. உனக்குத் தெரிஞ்சத சொல்லு, போதும்” என்றான்.

மாடி ஏறுவதற்கு முன்னால் டீக்கடையில் பிரௌசர் சண்டை நடந்தது. அதற்கு முந்தின வாரம் நான் ஒரு சவால் விட்டிருந்தேன். நேவிகேட்டரில் மட்டும்தான் திறக்கும் என்று நான் சொன்ன ஒரு பக்கத்தை யாராவது எக்ஸ்ப்ளோரரில் திறந்து காட்டட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன் என்று. ராயப்பேட்டைக்காரன் என்ன பண்ணியிருக்கிறான், அடையாறில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய், பக்கத்துப் பக்கத்து மெஷினில் இரண்டிலும் அதே பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். கூட இரண்டு பேர் சாட்சி. இரண்டிலும் ஜம்மென்று வந்திருக்கிறது. அதை அவன் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரும்தான் பிளேடு வாங்கி வரவா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

அந்தச் சூட்டோடுதான் மாடி ஏறினோம், ஐந்து பேரும்.

முதலில் வந்த செலரானில் கேஷ் மெமரி கிடையாது. அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் சின்ன நினைவகம் அது, அடுப்புப் பக்கத்தில் உப்பு ஜாடி மாதிரி. அது இல்லாததால் அந்த ப்ராசஸரை மொட்டை என்று நாங்களே கிண்டல் பண்ணியிருக்கிறோம். அடுத்து வந்த செலரானில் அதைச் சேர்த்துவிட்டார்கள். இவன் போடப்போவதாகச் சொன்னது அந்தப் புதுசு. இதெல்லாம் எனக்குத் தெரியும். வியாழக்கிழமைதான் ஆபீசில் படித்திருந்தேன். இரண்டு தடவை படித்திருந்தேன்.

“நீ சொல்லுப்பா. நம்பி வாங்கலாமா?” என்று கேட்டார் மேடம்.

“செலரானா? அது மொட்டை மேடம். கேஷே கிடையாது” என்றேன்.

இது புதுசு, இதில் இருக்கிறது என்றான் அவன். விற்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க என்றேன் நான், மேடத்தைப் பார்த்து. மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் கையில் கொண்டுவந்திருந்த கொட்டேஷனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மேடம் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இறங்கும்போது, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் திரும்பி ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். என் கௌரவம் என்னாவது? த்தூ, என்ன பெரிய கௌரவம்.

அந்த வாரத்துக்குள்ளேயே ஆர்டர் அடையாறில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போய்விட்டது. அவன் ரிச்சி தெருவுக்கே போய்க்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு அவன் வர மாட்டான் என்று நினைத்தேன். வர வேண்டாமே என்றுகூட வேண்டிக்கொண்டேன். எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் யாரும் இன்னும் வரவில்லை.

“உனக்கு நிஜமாவே தெரியாதாடா?”

“தெரியாதுடா.”

அவன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரமாக வேறு என்னென்னவோ நினைத்துவிட்டேன் மச்சி, மனசுல வெச்சிக்காத என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு ஒரு பேப்பரை எடுத்து, பழைய செலரான் எப்படி, புதுசு எப்படி, கேஷை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினான். இனிமேல் யார் முன்னாலும் நான் தப்பாகச் சொல்லி அசிங்கப்பட்டுவிடக் கூடாதாம்.

நான் முதல் தடவையாகக் கேட்கிறவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்டேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, பொறுமையாக, மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தான்.